சில்லு ஓடாத நானூறு மீற்றர்

எங்கள் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஓர் இடத்தில் ‘டொக்’ என்று ஒரு தட்டு விழும். கடற்கரைப் பக்கம் இருந்து வந்தால், பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பெரிய நாவல் மரத்தையும் தாண்டி, தோணித்துறைக்கு இன்னும் நானூறு மீற்றர் கிடக்கும்போது அது வரும். அந்த இடத்தில் வீதிக்குப் போட்ட தார்க் காபட், ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் பழையது, வெயிலில் வெளிறிப்போனது. அந்தப் பக்கம் பிறகு போட்டது. இவ்வளவு சின்ன வீதிக்கு ஏன் இரண்டு தரம் காபட் போட்டார்கள் என்று கேட்டால், ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் காசைச் சுருட்டிவிட்டார் என்றுதான் தேநீர்க் கடையில் பதில் கிடைக்கும். அந்த மனிதர் பாவம். கொடுத்த அளவுக்குச் சரியாகப் போட்டார். பிழையான அளவைக் கொடுத்தவன் நான்.

நான் வீதிப் பகுதியில் ஓவசியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஓவசியர் என்றால், வீதிக்கும் எஞ்சினியருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிறவர். என் பொறுப்பில் ஏழு வீதிகள் இருந்தன. அவற்றில் மிகக் குட்டையானது இதுதான். மற்ற ஆறும் சேர்ந்து கொடுக்காத தலையிடியை இது ஒன்றே கொடுத்தது.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு நாடாவைப் போலக் கிடக்கின்றன. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, எங்களுடையது. அந்தப் பக்கம் படுவான்கரை; வட்டை வட்டையாக வயல்கள் அங்கேதான். இந்த நாடாவைக் குறுக்கே வெட்டி, கடற்கரை மணலில் தொடங்கி, மட்டக்களப்பு – கல்முனைப் பெரிய வீதியைக் கடந்து, ஆற்றங்கரைத் துறையில் முடிவதுதான் நான் சொல்லும் வீதி. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆட்களையும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

படுவான்கரை நெல்லைத் தோணியில் கொண்டுவந்து இறக்கி, மாட்டு வண்டிலில் ஏற்றிப்போக உண்டான தடம்தான் இது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கிறவல் கொட்டி, தூரம் காட்டும் கட்டை நட்டு, அரசாங்க வீதி ஆக்கினார்கள். பிறகு ஏதோ ஒரு தேர்தலுக்குத் தார் ஊற்றினார்கள். நான் பொறுப்பெடுத்தபோது அந்தத் தாரில் பாதிதான் மிச்சம். படுவான்கரையில் உள்ள மண்டூர்க் கோயில் திருவிழா வந்தால் மட்டும் அவசர அவசரமாகக் குழி அடைப்போம். மண்டூருக்குப் போகும் பெரிய துறை எங்களுடையது அல்ல. ஆனாலும் அங்கே கூட்டம் தாங்காதபோது எங்கள் சின்னத் துறைக்கும் ஆட்கள் வருவார்கள். மற்ற நாட்களில் காத்தான்குடிப் புடைவை வியாபாரிகள் சைக்கிளில் பொட்டணி கட்டிக்கொண்டு வந்து தோணி ஏறுவார்கள். குழியில் சைக்கிள் விழுந்தால் என் பெயரைச் சொல்லித்தான் ஏசுவார்கள். கேட்டுக்கொண்டு நிற்பேன்.

வருசத்துக்கு ஒரு தரம் வீதிப் பதிவேட்டுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வீதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நீளம் என்ன, மதகு எத்தனை என்று அதில் கேள்விகள் இருக்கும். அளப்பதற்கென்றே எங்களிடம் ஓர் அளவுச் சில்லு இருந்தது. நீண்ட கைபிடி, நுனியில் ஒற்றைச் சக்கரம், பக்கத்தில் மீற்றரை எண்ணும் சின்னப் பெட்டி. ஒவ்வொரு மீற்றருக்கும் ‘கிளிக்’ என்று சத்தம் போடும். மற்ற ஓவசியர்மார் அதைத் தொடவே மாட்டார்கள். போன வருசத்துப் படிவத்தைப் பார்த்து இந்த வருசத்தை எழுதிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். “வீதி என்ன, வளரவா போகுது?” என்பார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. சில்லு ஓடாத இடத்தைக் கை எழுதக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அந்தக் கொள்கையை நானே உண்டாக்கி, நானே மெச்சிக்கொண்டேன். எனக்குப் பின்னால் ‘சில்லு ஓவசியர்’ என்று சிரிப்பதும் தெரியும். அதிலும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான்.

சண்டை முற்றிய வருசங்களில் எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரை இயக்கத்திடமும் இருந்தன. துறைக்கு நானூறு மீற்றர் முன்னால், நாவல் மரத்தடியில், இராணுவம் சென்றிக் காவலரண் போட்டது. மண்மூடை, முள்ளுக்கம்பி, குறுக்கே வரிசையாகத் தார்ப் பீப்பாய்கள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஆட்கள் நடந்து போகலாம். அந்த வருசம் நான் வழக்கம்போலக் கடற்கரையில் இருந்து சில்லை உருட்டிக்கொண்டு வந்தேன். ‘கிளிக், கிளிக்’ என்று அது கிட்ட வர வர, சென்றியில் நின்ற இளம் சிப்பாய் துவக்கை நிமிர்த்திவிட்டான்.

“இது என்ன சாமான்?” என்று தெரிந்த அளவு தமிழில் கேட்டான்.

“வீதி அளக்கிற சில்லு, மாத்தயா.”

“அளந்து யாருக்குக் குடுக்கிறது?”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சென்றியில் இருந்து துறை எத்தனை மீற்றர் என்று அறிய விரும்பக்கூடியவர்கள் ஆற்றுக்கு அப்பால் இருந்தார்கள். என் உத்தியோக அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், “நீ போ. சில்லு போக ஏலாது” என்றான்.

சில்லை மரத்தில் சாத்திவிட்டு நடந்து போய், அடியை எண்ணி எழுதியிருக்கலாம். அல்லது எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிவந்த 2.75 கிலோமீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கலாம். என் கொள்கை விடவில்லை. பெட்டி 2350 என்று காட்டியது. படிவத்தில் நீளம் 2.35 என்று எழுதி, குறிப்பு என்ற பத்தியில் ‘எஞ்சிய பகுதியை அளக்க முடியவில்லை’ என்று சேர்த்துக் கையெழுத்து வைத்தேன். மேலிடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. அடுத்த வருசம் சிப்பாய் மாறியிருந்தான், பதில் மாறவில்லை. அதற்கடுத்த வருசமும் அதே கதைதான்.

அந்த வீதியில் வேலை செய்த எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தார். புல் செருக்குவது, தண்ணீர் ஓடக் காண் வெட்டுவது, குழி அடைப்பது எல்லாம் செய்வார். ஆண்களை விட வேகம். அவருடைய வீடு கடற்கரையில், வீதி தொடங்கும் பூச்சியக் கட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கருவாடு காயப்போட்ட ஓலைப்பாய் காற்றில் பறக்காமல் அந்தக் கட்டையில் முண்டு கொடுத்து வைப்பார். அரசாங்கக் கட்டையில் கருவாடா என்று நான் ஏசுவேன். “அது சும்மாதானே ஐயா நிக்குது” என்பார். கணவர் கரைவலை இழுக்கிறவர். ஒரே ஒரு மகள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீடு பெரிய வீதிக்கு மேற்கே இருந்தது. சத்தம் கேட்டுப் படலையைத் திறந்தபோது, வீதி நிறைய ஆட்கள் கடல் பக்கம் இருந்து ஆற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பலர் நனைந்திருந்தார்கள். “கடல் வருது! கடல் வருது!” என்பதைத் தவிர யாருக்கும் வேறு சொல் வரவில்லை. நானும் மனைவியும் கதவைக்கூடப் பூட்டாமல் ஓடினோம். மேற்கே ஓட எங்களுக்கு இருந்தது இந்த ஒரு வீதிதான். அந்த வீதியின் குறுக்கே சென்றி இருந்தது.

அங்கே நின்ற சிப்பாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஊரே திரண்டு தன்னை நோக்கி ஓடி வந்தால் எந்தச் சிப்பாய்க்கும் ஒன்றுதான் தோன்றும். துவக்கு உயர்ந்தது. முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். சீலை எல்லாம் சேறாகிப்போன ஒரு தாய், பிள்ளையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கத்தினாள். அவன் பிள்ளையைப் பார்த்தான். பிறகு எங்களுக்குப் பின்னால் கிழக்கே பார்த்தான். துவக்கைத் தோளில் போட்டுவிட்டு, முள்ளுக்கம்பியை வெறுங்கையால் பிடித்து இழுத்தான். பீப்பாய்களைக் காலால் உதைத்து உருட்டினான். “துவன்ன! துவன்ன!” என்று, ஓடுங்கள் என்பதைத் தன் மொழியில் கத்தினான். அவன் கையில் இருந்து இரத்தம் ஒழுகியதைக் கண்டேன். என் சில்லை மறித்தவர்களில் அவனும் ஒருவனா என்று கேட்டால், என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அந்தக் கடைசி நானூறு மீற்றரில் ஊர் முழுவதும் நின்றது. தோணிக்காரர்கள் பிள்ளைகளையும் ஏலாதவர்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போனார்கள். படுவான்கரையில் இருந்தவர்கள் யார் எவர் என்று கேட்காமல் சோறு சமைத்து அனுப்பினார்கள். என் பதிவேட்டில் இல்லாத நிலத்தில் நின்றுதான் அன்றைக்கு நான் உயிர் பிழைத்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பெண்ணும் மகளும் தப்பி வந்திருந்தார்கள். வலைக்குப் போன கணவர் வரவில்லை. மூன்று நாள் அந்தப் பெண் துறைக்குப் போகாமல், சாப்பிடாமல், சென்றியடியில் வீதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாராவது தூரத்தில் வந்தால் எழும்புவார், பிறகு இருப்பார். நான் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரை வைத்துவிட்டு வந்தேன். கணவரின் உடல் கிடைக்கவே இல்லை.

கடலை அண்டி இருந்த எங்கள் களஞ்சியமும் அலுவலக அறையும் அத்திவாரத்தோடு போய்விட்டன. பழைய பதிவேடுகள் எல்லாம் அதோடு போயின. பூச்சியக் கட்டையை ஒரு தென்னந்தோட்டத்துக்குள் கண்டெடுத்து, உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து பழைய இடத்தில் நட்டோம். அதற்குப் பக்கத்தில் இருந்த வீட்டைத்தான் திரும்ப நட முடியவில்லை. கடலோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வீதியின் மற்ற அந்தத்தில், துறைக்குப் போகும் வழியில் ஒரு துண்டுக் காணி கிடைத்தது. “கடலைப் பாக்காத வீடு எண்டாக் காணும் ஐயா” என்றார்.

உடைந்த வீடுகளின் கல்லையும் ஓட்டையும் எங்கே கொட்டுவது என்று எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, துறையடிச் சேற்றில் கொட்டுவோம் என்று நான்தான் சொன்னேன். மாரி வந்தால் அந்தப் பகுதி முழங்கால் அளவு சேறு. சென்றியில் உழவு இயந்திரங்களை விட்டார்கள். சில்லைப் பற்றி நான் கேட்கவும் இல்லை. எங்கள் கூட்டம் கல்லைப் பரப்பி இடித்தது. ஒருநாள் அந்தப் பெண் நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர்த் துண்டைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு நின்றார்.

“இது எங்கட குசினிச் சுவர் ஐயா.”

எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நீலப் பக்கத்தைக் கீழே போட்டு, மேலே இடிகட்டையால் இரண்டு இடி இடித்தார். பிறகு அடுத்த கல்லை எடுத்தார்.

சண்டை கிழக்கில் ஓய்ந்து, பிறகு வடக்கிலும் முடிந்தது. ஒரு காலை நான் போனபோது நாவல் மரத்தடியில் சென்றி இல்லை. மண்மூடை இருந்த இடம் மட்டும் புல் முளைக்காமல் கிடந்தது. இனி யாரும் சில்லை மறிக்க மாட்டார்கள். ஆனால் அந்த வருசப் படிவம் வந்தபோது நான் சில்லை எடுக்கவில்லை. போன வருசத்துத் தாளைப் பார்த்து 2.35 என்று எழுதினேன். அதற்கடுத்த வருசமும் அப்படியே எழுதினேன். சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. கால் வலி இல்லை, வேலை கூடவும் இல்லை. பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். நான் யாரைப் பார்த்து முகம் சுளித்தேனோ அவர்களைப் போலவே நானும் நேரத்தோடு சாப்பிட வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இதற்கிடையில் படிவமும் கணினிக்கு மாறியது. புதுப் படிவத்தில் குறிப்பு என்ற பத்தி இல்லை. ‘எஞ்சிய பகுதியை அளக்க முடியவில்லை’ என்ற என் ஒற்றை வரி அதோடு காணாமல் போனது.

சென்றி போய் நாலு வருசம் கழித்துக் காபட் வந்தது. கடற்கரையில் இருந்து பெரிய இயந்திரம் ஊர்ந்து ஊர்ந்து வர, ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடு ஆறிய காபட்டில் நடந்து பார்த்தவர்களும் உண்டு. நாவல் மரத்தடிக்கு வந்ததும் இயந்திரம் நின்றது. ஆட்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். நான் ஓடிப்போய் ஏன் நிற்பாட்டினீர்கள் என்று கேட்டேன். கொந்தராத்துக்காரரின் ஆள் ஒரு தாளைக் காட்டினான். நீளம்: 2.35. கீழே என் கையெழுத்து.

நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண் மண்வெட்டியோடு என் முன்னால் நிற்கிறார். தாளை அவரும் பார்த்துவிட்டார்.

“என்ன ஐயா, எங்கட வீட்டடி வீதி இல்லையா?”

சென்றிக்காரர் சில்லை விடவில்லை, அதனால்தான் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சென்றி போய் எத்தின வருசம்? அதுக்குப் பிறகும் ஏன் நீங்க சில்லை உருட்டல்ல?”

வேலை செய்த இத்தனை வருசத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது.

“என்ட மகளுக்கு மார்கழியில புள்ளை பிறக்கிற நாள்,” என்றார் அவர். “மருமகன் கொழும்பில வேலையில. மாரி துவங்கினா இந்தச் சேத்துக்குள்ள ஓட்டோ வராது. காபட் வருது, காபட் வருது எண்டு நான்தான் அவளைப் புருசன்ட ஊருக்குப் போக விடாம மறிச்சு வச்சிருக்கன்.”

அன்றைக்கே எஞ்சினியரிடம் போனேன். என்னை விட இருபது வயது இளையவர், மரியாதை தெரிந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதே போய்ச் சில்லை உருட்டி அளவைத் தருகிறேன் என்றேன்.

“இத்தின வருசமா 2.35 எண்டு கையெழுத்து வச்ச நீங்க, காபட் வந்து நிண்ட பிறகு 2.75 எண்டு எழுதினா, மேலிடம் என்னையல்லவா கேக்கும்?” என்றார். “பழைய பதிவேடு ஏதும் இரிக்கா?”

“கடலோட போச்சுது, சேர்.”

“அப்ப, துறை வரைக்கும் அந்த வீதி போகுது எண்டு, உங்கட கையெழுத்து இல்லாத ஒரு அரசாங்கத் தாள் கொண்டுவாங்க. நான் செய்து தாறன்.”

பிரதேச சபைக்குப் போனேன். அது உங்கள் பகுதியின் வீதி, எங்களிடம் தாள் இல்லை என்றார்கள். கிராம சேவகரிடம் போனேன். அவரிடம் குடும்பங்களின் விபரம் இருந்தது, வீதியின் நீளம் இல்லை. ஆட்கள் நடக்கிறார்கள், தோணி போகிறது, வீடுகள் இருக்கின்றன, ஆனால் வீதி இல்லை. அந்த நானூறு மீற்றர் யாருடைய புத்தகத்திலும் இல்லாமல் போயிருந்தது. என்மேலேயே எனக்கு வந்த கோபத்தில், சில்லைக் களஞ்சிய மூலையில் தலைகீழாகச் சாத்திவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காபட் வேலைக்கு வந்த பார வாகனங்கள் துறையடியில் திரும்பித் திரும்பி, நாங்கள் இடித்த கல்லை எல்லாம் கிளப்பிவிட்டிருந்தன. கார்த்திகை கடைசியில் மழை பிடித்தது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், நாவல் மரத்தடி மதகில் அடைத்த குப்பையை இழுத்துக்கொண்டிருந்தோம். துறைப் பக்கம் இருந்து ஓர் ஆள் ஓடிவந்து, அந்தப் பெண்ணின் மகளுக்கு நாளுக்கு முன்னமே வலி வந்துவிட்டது என்றார். எங்களோடு நின்ற தாய் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நான் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அது வேகமாகத்தான் வந்தது. காபட் முடிகிற இடத்தில் நின்றது. சாரதி இறங்கிச் சேற்றைப் பார்த்தார்.

“இதுக்குள்ள இறக்கினா வாகனம் புதையும். மறுகா புள்ளையை எதில கொண்டுபோறது? இஞ்ச தூக்கி வாங்க.”

அவர் சொன்னது சரி. எங்கள் ஆட்கள் நாலு பேர் போய், அந்த மகளை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மழை கொட்டியது. முழங்கால் வரை புதைந்து, காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார்கள். நான் முன்னால் தடியால் குத்திக் குத்தி, கல் இருக்கிற இடமாகப் பார்த்துச் சொன்னேன். பாதி வழியில் பிள்ளை கத்தினாள். “இறக்குங்க, இறக்குங்க” என்றார் தாய். தார் மூடும் படங்கு ஒன்று எங்களிடம் இருந்தது. நாலு மூலையை நாலு பேர் பிடித்தோம். அம்புலன்ஸில் வந்த தாதி மிஸ்ஸி செருப்பை எறிந்துவிட்டு ஓடி வந்து கீழே நுழைந்தார். நான் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு என் மூலையைப் பிடித்தபடி நின்றேன். படங்கில் மழை விழுந்த சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கோ குழந்தைக்கோ ஏதும் நடந்தால் அது என் கையெழுத்து என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

பிறகு குழந்தை அழுத சத்தம் மழையை மீறிக் கேட்டது. பெண் குழந்தை. இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று மிஸ்ஸி சொன்னபோது, படங்கைப் பிடித்திருந்த நாலு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதோம்.

இது எப்படி முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றை எஞ்சினியர் மேசையில் வைத்தேன். பிறந்த இடம் என்ற கூட்டில் எங்கள் வீதியின் பெயரும் ஒரு தூரமும் எழுதி, பதிவாளர் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்திருந்தார். எஞ்சினியர் இரண்டு தரம் வாசித்தார். “இதிலயும் உங்கட சில்லுதான் ஓடியிரிக்கு போல” என்று சிரித்தார். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. கோப்பில் வைத்து, மேலே அனுப்பினார். என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. அளக்க முடியாத காலத்தில் அளக்கவில்லை, அளக்கக்கூடிய காலத்திலும் அளக்கவில்லை, இரண்டாவதற்கு மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருசம் கழித்து மிச்சக் காபட் துறை வரை போனது. அதுதான் அந்த ‘டொக்’.

சான்றிதழில் அந்தத் தூரம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்து ஒரு கிழமைக்குள் அந்தப் பெண் களஞ்சியத்துக்கு வந்தார். குழந்தை வீட்டிலும் பிறக்கவில்லை, ஆசுபத்திரியிலும் பிறக்கவில்லை. எனவே இடத்தைத் திட்டமாகச் சொல்லும்படி பதிவாளர் கேட்டாராம்.

“வீதியில எண்டு சொன்னன். வீதியில எத்தினாம் கட்டை எண்டு கேக்கார். அங்கால கட்டை ஒண்டும் இல்லையே ஐயா. நீங்களும் நிண்டனீங்க, வந்து சொல்லுங்க.”

கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீற்றர் என்று சொல்லியிருக்கலாம். பதிவாளருக்கு அது போதும். நான் மூலையில் இருந்த சில்லை எடுத்தேன். ஒட்டடையைத் துடைத்தேன். இருவரும் கடற்கரைக்குப் போனோம். பூச்சியக் கட்டையில் சில்லை வைத்து, பெட்டியைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன். அவர் தன் பழைய வீட்டு அத்திவாரத்தை ஒரு தரம் பார்த்தார். கடலைப் பார்க்கவில்லை.

மழை விட்டிருந்தது. பெரிய வீதியைக் கடந்தோம், பள்ளிக்கூடத்தைக் கடந்தோம். சில்லு ‘கிளிக், கிளிக்’ என்று போனது. நாவல் மரத்தடியில் பெட்டி 2350 காட்டியது. அந்த இடத்தில் என் கால் தானாகவே நின்றுவிட்டது. துவக்கு இல்லை, பீப்பாய் இல்லை, மறிக்க ஆள் இல்லை. ஆனாலும் நின்றேன். அவர் எனக்கு முன்னால் சேற்றில் இறங்கி, திரும்பிப் பார்த்து, எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

இறங்கினேன். சேற்றில் சில்லு வழுக்கியது. ஒழுங்காக உருள்வதற்காக அழுத்திப் பிடித்துத் தள்ளினேன். சேற்றில் செங்கல் துண்டுகள் தெரிந்தன. ஓர் இடத்தில் அவர், “இஞ்சதான் ஐயா” என்றார். அடையாளத்துக்கு ஒரு கிளுவந் தடி குத்தி வைத்திருந்தார். சில்லை அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். 2512.

பையில் இருந்து தாளை எடுத்தேன். எழுத முன்னம், இதை நாலு வருசத்துக்கு முன்னமே செய்திருக்க வேண்டும் தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து, பெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சீலைத் தலைப்பால் துடைத்து, இலக்கத்தைப் பார்த்தார்.

“சில்லு ஓடிற்றுது,” என்றார். “இனி எழுதுவீங்கதானே?”